வெறும் சட்டியில் தாளிப்பு

இனி அந்த வகுப்புக்குத் திரும்புவதில்லை என்று செவிலிமேடு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அங்கே, நாட்டு மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று சுகாதாரக் கணக்கெடுப்பில் திரட்டிய விவரங்களைக் கம்ப்யூட்டரில் அலசக் கற்றுக்கொடுத்தார்கள். பத்தாவதை முடிக்காதவன் நான். ஊர் ஊராகப் பல வேலை பார்த்துவிட்டு, இதற்கும் வந்திருந்தேன்.

"நேத்து சாப்ட்டது சாம்பார், பொரியல்னு ஒரு வீட்ல சொல்லிகீறாங்க. அந்த வீட்டுப் பசங்க எடை மட்டும் கம்மியா இருக்குது. எங்கபா இடிக்குது?" என்று வகுப்பெடுத்த மேடம் கேட்டார்.

எனக்குத் தெரிந்தது. சொன்னால் எங்கள் வீட்டுக் கதை வெளியே வரும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வழியில் ஏதோ ஒரு வீட்டில் கடுகு வெடித்தது. கறிவேப்பிலை வாசனை தெருவில் மெல்ல மிதந்து வந்தது. கால் நின்றுவிட்டது.

எங்கள் காலனி வீட்டில் உலை வைக்காத நாளில் அம்மா வெறும் சட்டியில் சொட்டு எண்ணெய் விட்டுத் தாளிப்பாள். சத்தமும் வாசனையும் சுவரைத் தாண்டிப் போகும். பிறகு அந்தக் கடுகைப் பழைய கஞ்சியில் கொட்டிக் குடிப்போம்.

"இன்னாமே, சாம்பாரா?" என்பாள் பக்கத்து வீட்டு கன்னியம்மா அக்கா.

"ஆமாங்கா, அவரைக்கா போட்டு."

"எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வையேன்."

"பசங்க வழிச்சிட்டானுங்கக்கா!"

இருவரும் சிரிப்பார்கள். அக்கா வீட்டிலும் சில நாள் அதே கடுகுதான் வெடிக்கும். ஒருமுறை கணக்கெடுக்க வந்த பெண்ணிடமும் அம்மா அவரைக்காய் சாம்பார் என்றே சொன்னாள்.

மறுநாள் காலை மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போய்க் கேட்கும் வேலையை வாங்கிக்கொண்டேன். முதல் வீட்டில், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்கு முன்னால் வேறொன்று கேட்டேன்.

"அடுப்பாண்ட கொஞ்ச நேரம் குந்திக்கினு பேசலாமாம்மா?"