மாஷ் உறங்கிய சொற்பொழிவுகள்

விளக்கை அணைத்ததும் முதலில் மின்விசிறியின் சத்தம் கேட்கும். பிறகு வெள்ளைத் துணியில் படம் விழும். சற்று நேரத்தில் என் பக்கத்து நாற்காலியிலிருந்து மாஷின் குறட்டை, பூனை முனகுவது போல மெல்லத் தொடங்கும்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருமுனைக் கிடங்கின் மாடியில்தான் அந்தக் கலை ரசனைச் சங்கம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது வந்து அரண்மனைச் சுவரோவியத்தைப் பற்றியோ, பழைய கல்லறைக் கல்லில் கொத்திய பூவைப் பற்றியோ படம் காட்டிப் பேசுவார்கள். நான் நாலாம் கிளாசோடு நின்றவள். அதெல்லாம் படித்தவர்கள் ஏறும் படி என்று இருந்தேன். ஏற்றிவிட்டவர் அடுத்த வீட்டு டீச்சர். சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானதும், தமக்குப் பதிலாகக் கணவரை, அதாவது பள்ளி வாத்தியாராக இருந்த மாஷை, அனுப்பினார். "அம்மிணி, நீயும் கூடப் போ. அவருக்குப் படி எறங்க ஒரு கை வேணும். நீ ஒண்ணும் பேச வேண்டாம், பாத்துண்டிருந்தாப் போறும்," என்றார். அந்த நேரம் என் மருமகள் டீச்சரோடு இருப்பாள்.

திரும்பி வரும் வழியில் மாஷ், "இன்னிக்கு என்ன படம்?" என்று மெதுவாகக் கேட்பார். நான் பார்த்ததைச் சொல்வேன். வீட்டுக்குப் போனதும் அதையே அவர் டீச்சரிடம், தாமே பிரசங்கம் செய்தவர் மாதிரி, கையை வீசி விளக்குவார். நான் தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வேன்.

ஒரு முறை சங்கத்துச் செயலாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, குறட்டையால் பேச வருகிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது, அடுத்த மாதமும் உறங்கினால் மாஷ் வர வேண்டாம் என்றார். மாஷிடம் எப்படிச் சொல்வது? டீச்சரிடம் சொன்னேன்.

டீச்சர் முதலில் சிரித்தார். "நாப்பது வருஷமா நான் கேக்கறேன் அந்தச் சத்தத்தை. அவாளுக்கு மாசத்துல ஒரு மணி நேரம் பொறுக்கலையா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ராத்திரி நான் திரும்பிப் படுத்தாக்கூட எழுந்துடறார், அம்மிணி. ஒறங்கறதே இல்லை. அங்கேன்னா நான் கூப்பிடறது காதுல விழாதே. படம் பாக்கவா அவரை அனுப்பறேன்?"

அடுத்த மாதம் ஒரு இளம்பெண் பேசினாள். குறட்டை கிளம்பியதும் செயலாளர் இருட்டில் குனிந்து வந்து மாஷின் தோளுக்குக் கை நீட்டினார். நான் குறுக்கே என் கையை வைத்தேன்.

"வேண்டா சாரே. மாஷ் உறங்கட்டே."

என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது. கூடம் முழுக்கக் கேட்டது. என் முகமெல்லாம் சூடாகிவிட்டது. பேசிக்கொண்டிருந்த பெண் ஒரு நிமிடம் நிறுத்தி எங்களைப் பார்த்தாள். பிறகு, தொட்டில் பக்கத்தில் பேசுகிறவள் போல, குரலைத் தணித்து மீதியைச் சொன்னாள். செயலாளர் குனிந்தபடியே திரும்பிப் போனார். அதற்குப் பின் மாஷ் வர வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில் டீச்சர் போய்விட்டார். மாஷ் இப்போதும் வருகிறார். ஆனால் குறட்டை இல்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை இருட்டில் திரும்பிப் பார்த்தேன். நிமிர்ந்து, கண்ணைத் திறந்து உட்கார்ந்திருந்தார்.

"ராத்திரி நன்னா ஒறங்கறேளா மாஷே?" என்று மெல்லக் கேட்டேன்.

"எங்கே ஒறங்கறது? இப்பக் கூப்பிட ஆளில்லையே, அம்மிணி," என்றார்.