ஆலங்குளத்து மாப்பிள்ளைக்குச் செல்வி சொன்ன பதில்

கீழே பேண்டேஜ் துணித் தறிகள் ஓடும். மாடியில் எங்கள் சங்க அறையின் தரை அதிர்ந்துகொண்டே இருக்கும்.

ராஜபாளையத்தில், காது கேளாதோர் சங்கம் ஒன்றில் எனக்கு முதல் வேலை. சைகை மொழிபெயர்ப்பாளர். என் அண்ணனுக்குக் காது கேட்காது. அதனால் சின்ன வயதிலேயே கையால் பேசப் பழகியிருந்தேன்.

ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், பேங்க்... யார் கூப்பிட்டாலும் ஓட வேண்டும். உட்கார்ந்து சாப்பிட்ட நாள் குறைவு.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினேன். சங்கத்துக்கு வரும் செல்வியைப் பெண் பார்க்க ஆலங்குளத்திலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் காது கேட்கும்.

வாசலிலேயே செல்வியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ என்ன கை காட்டினாலும் நீ சம்மதம்னு மட்டும் சொல்லிரு தாயி. எங்களுக்கு அம்புட்டுதான் வேணும்."

நான் கையை விடுவித்துக்கொண்டேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். இருப்புக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளையின் அக்கா, "பிள்ளைக்குச் சம்மதமான்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன். செல்வி மாப்பிள்ளையைப் பார்த்துக் கையசைத்தாள். அதை நான் குரலில் சொன்னேன்.

"என் பாஷை உங்களுக்குத் தெரியாது. படிச்சுக்கிடுவீங்களா?"

அவர் தலைகுனிந்துகொண்டார். அக்காதான் சிரித்தார். "ஊமைப் பிள்ளைகிட்ட என்னத்தப் பேசப் போறான்... வீட்டு வேலை பார்த்தாப் போதும்."

செல்வியின் அம்மா என் தொடையைக் கிள்ளினார். அதைச் சொல்லாதே என்று அர்த்தம். செல்வியோ என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சொல் விடாமல் அவளுக்குக் கையால் சொன்னேன்.

அவள் பதிலையும் அப்படியே சொன்னேன். "அப்ப வேலைக்கு ஆள் பாருங்க."

வந்தவர்கள் காபியைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். "எம்பிள்ளை வாழ்க்கையக் கெடுத்திட்டியே" என்று அந்த அம்மா என்னைப் பார்த்து அழுதார்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்துக்குச் செல்வி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அடித்திருப்பார்களோ, பூட்டி வைத்திருப்பார்களோ... படிக்கட்டுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

பிறகு ஒரு நாள் வந்தாள். கூடவே அவள் அம்மாவும். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எம்மேல கோவமான்னு இவகிட்ட கேக்கணும். கையை எப்படி வைக்கணும்?"

சொல்லிக்கொடுத்தேன். அவர் விரல்கள் தப்பும் தவறுமாக அசைந்தன. செல்வி முதலில் அந்த விரல்களைப் பிடித்துச் சரிசெய்தாள்...

இப்போது எல்லார் கையிலும் போன். வீடியோ காலில் அவர்களே பேசிக்கொள்கிறார்கள். டாக்டரிடம் போனால் வேறு ஊரிலிருந்து மொழிபெயர்ப்பாளர் திரையில் வந்துவிடுகிறார். செல்வி சங்கத்தில் தனக்குப் பிடித்தவரையே கட்டிக்கொண்டு, தையல் கடை வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாடி அறைக்கு நாலைந்து பேர் வந்தால் அதிகம்.

நல்லதுதான். ஆனால் ஞாயிறு சாயங்காலமானால் எனக்கு வீட்டுக்குள் கால் நிற்பதில்லை...

போன வாரம் சும்மா செல்வியைக் கூப்பிட்டேன். காரியம் இல்லாமல் நான் அவளைக் கூப்பிட்டதே இல்லை. திரையில் வந்ததுமே பதறிப்போய்க் கேட்டாள். "யாருக்கு என்ன? எங்க வரணும்?"

யாருக்கும் ஒன்றுமில்லை என்றேன்.

அவள் நம்பவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.