ராணிச் சட்டையின் உள்துணி

மாமி தன் பேத்தியோடு என் தையல் கடைக்கு வந்து, பழைய ராணிச் சட்டை ஒன்றை மேசையில் வைத்தார். பாடசாலை நாடகத்துக்கு அதைப் போலவே பிள்ளைக்கும் வேண்டுமாம். துணி வெட்டிய விதத்தைப் பார்ப்பதற்காக உள்துணியைப் பிரித்தேன். பூச்சி உருண்டை மணம் எழுந்தது.

இந்தச் சட்டையைத் தைத்தபோது எனக்கு ஒன்பது வயது. போர்த்துக்கேயர் காலத்து நாடகத்தில் நான்தான் ராணி. உடுப்புத் தைத்தவர் மாமி. குண்டூசிகளை வாயில் கவ்வியபடியே பேசுவார். நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். நாடகத்தன்று சட்டை எனக்குக் கொள்ளவில்லை.

“என்னகா, ஒரு கிழமைக்குள்ள இப்பிடிக் கொழுத்திட்டாய்?” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். “இளக்கி விட உள்ளுக்குத் துணியும் இல்ல.”

அவர் மகள், என் மச்சாள், ராணியானாள். நான் பல வருடங்கள் அரை வயிற்றுக்கே சாப்பிட்டேன்.

இப்போது சட்டைக்குள் இரு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடந்தது. அதில் முதல் தையலைப் பிரித்த ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. என் அளவுக்குத் தைத்துவிட்டு, பிறகு இரு பக்கமும் பிடித்துச் சிறிதாக்கித் தைத்திருக்கிறார்.

“இதென்ன மாமி?”

குனிந்து பார்த்தவரின் முகம் கறுத்தது. “பழசை ஏன்கா கிளறுறாய்? தைச்சு மூடு.”

“பிள்ளைக்கு நல்லாத்தான் தைச்சுத் தருவன். அவள்ல எனக்கு ஒரு கோபமும் இல்ல. கூட்டிப்போக மச்சாள் வாறா தானே? அவவும் ஒருக்காப் பார்க்கட்டும்.”

மாமி சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. வாசலில் மச்சாளின் ஸ்கூட்டர் வந்து நின்றது.