அத்தையின் கிராஸ் வெயிட்

இன்று காலை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, நாத்தனாரின் புதுவீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினோம். நான்தான் டிரைவர். காரில் என் கணவர், மாமியார், கொழுந்தன், அவர் மனைவி. டிக்கியில் கிரைண்டரும் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் நான்கும்.

வழியில் காற்றடிக்க நிறுத்தினேன். டயர் கடைக்காரர் காரின் பின்பக்கம் தாழ்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, "எம்புட்டுக்கா ஏத்திருக்கீக?" என்றார்.

"கிராஸ் வெயிட் ஆயிரத்து முந்நூறு கிலோண்ணே. அம்புட்டு ஏத்தலாம்ல?" என்றேன், எல்லாம் தெரிந்தவள் போல.

அவர் சிரித்தார். "அதுல வண்டியோட எடையும் சேர்த்திக்கா. வெறும் வண்டியே தொள்ளாயிரம் வரும். மிச்சம் நானூறுதான், ஆளுக்கும் சாமானுக்கும். இந்த வெயில்ல டயர் வெடிச்சா என்ன செய்வீக?"

அங்கேயே நின்று கணக்குப் போட்டோம். அரிசியும் கிரைண்டரும் நூற்றிருபது கிலோ. ஆட்கள்?

அத்தை முந்திக்கொண்டு, "எனக்கு அம்பத்தஞ்சு" என்றார்.

"எம்மா, போன மாசம் ஆஸ்பத்திரியில எழுபத்திரண்டு காட்டுச்சே" என்றார் என் கணவர்.

"அது சேலை, நகையெல்லாம் சேத்துடா!"

"அதுக்குப் பேருதான் ஆச்சி, கிராஸ் வெயிட்டு" என்றார் கடைக்காரர்.

அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மொத்தக் கணக்கு நானூறைத் தாண்டியதால், கணவரும் கொழுந்தனும் இறங்கி பஸ் ஏறினார்கள். வண்டி நிமிர்ந்தது. பத்திரமாக வந்து சேர்ந்து, விருந்தும் சாப்பிட்டாயிற்று.

வண்டியின் எடையை ஆர்.சி.யில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டு ஆட்களிடம் எடையைக் கேட்டு, உண்மையான பதில் வாங்கியவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?