காப்பர் கம்பி கேட்ட குரல்

அந்த வட்டாரத்தில் வெண்கலத்தைத் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அது அவருக்கே பாதி மறந்துபோயிற்று. பழைய சாமான் வாங்கும் தொழிலில் இறங்கிய புதிதில், தெருமுனையில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் அடுத்த தெருவில் தூங்குகிற பிள்ளை எழுந்து அழும். வெண்கலத் தொண்டை என்று யாரோ சொல்லப்போக, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. "எனக்கு என்ன நஷ்டம், பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்" என்பார். சும்மா சொல்லவில்லை. தலையில் கூடை, பிறகு தள்ளுவண்டி, பிறகு மூன்று சக்கர மோட்டார் வண்டி என்று படிப்படியாக ஏறி, இன்று தகரக் கொட்டகை போட்ட சொந்தக் கிடங்கும் அதன் வாசலில் ஆறு வண்டியுமாக நிற்கிறார். எவன் வாசலிலும் கைகட்டி நிற்காமல் வந்தவர். மாரைத் தட்டிக்கொள்ள உரிமை உள்ளவன் தட்டிக்கொள்ளத்தான் செய்வான். அவர் மனைவி மட்டும் அலுத்துக்கொள்வாள். "இவர் பேசி முடிச்சாத்தான் நான் கொட்டாவியே விடமுடியும்" என்பாள்.

வண்டியில் ஒலிபெருக்கி கட்டும் யோசனை அந்த ஊரில் முதலில் வந்தது அவருக்குத்தான். ஆறு வண்டிக்கும் ஒரே தொண்டையால் எப்படிக் கூவுவது? குரலைப் பதிவு செய்து வண்டிக்கு ஒன்றாகப் போட்டுவிட்டார். "அம்மா, பழைய இரும்பு, பித்தளை, பிளாஸ்டிக், பேப்பர், அட்டைப்பெட்டி. எடையை நீங்களே பாத்துக்கலாம்மா." அந்தக் கடைசி வரிதான் அவருடைய மூலதனம். தராசில் எண் தெரிகிற பக்கத்தை வீட்டுக்காரர் பார்க்கும்படி திருப்பி வைக்காத ஆளை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிடுவார். இன்னொரு சட்டமும் உண்டு. காப்பர் கம்பி மட்டும் வாங்கக்கூடாது. தெருவில் விலைக்கு வருகிற காப்பர் கம்பி பெரும்பாலும் எவன் வீட்டு மோட்டாரிலிருந்தோ அறுத்ததாகத்தான் இருக்கும். லாபம் அதில்தான் கொட்டும் என்பது தெரிந்தும் அவர் தொட்டதில்லை.

இதனால் அந்தக் குரல் வந்தால் ஜனங்கள் யோசிக்காமல் கதவைத் திறந்தார்கள். மாடி வீட்டு டீச்சர் இறங்கிக்கூட வரமாட்டார். மேலேயிருந்தபடியே, "கதவு திறந்துதான் இருக்கு, கட்டி வச்சதை எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவார்.

முதன்முதலில் அந்தக் குரலைப் பதிவு செய்து கொடுத்தவர் மாப்பிள்ளை. போன் கடை வைத்திருக்கிறார். கண்ணாடி மேசை போட்டதிலிருந்து பெயர்ப்பலகை மாட்டியது வரை மாமனார் செலவு. கெட்டிக்காரர், கையில் எது கிடைத்தாலும் கழற்றி மாட்டிவிடுவார். கடை மட்டும் ஓடவில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போனோடு வந்து உட்கார்ந்தாள். "அப்பா, நீங்க முன்னுக்கு வந்த கதையைச் சொல்லுங்க. பதிவு பண்ணி வைக்கறேன். பாப்பா வளந்ததும் கேக்கட்டும்."

யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று ஆயுசு முழுக்கக் காத்திருந்தவர் அவர். குரல்தான் பதிவாகிறது என்று தெரிந்தும் குளித்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கூடை சுமந்தது, கழுத்து சுளுக்கியது, முதல் தராசு வாங்கியது என்று மத்தியானம் வரைக்கும் பேசினார். மகள் நடுநடுவே "அப்புறம்பா?" என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு மனிதர் உருகிப்போனார். "அப்புறம் என்ன, காப்பர் கம்பின்னு ஒருத்தன் மூட்டையோட வந்தான். என்ன இருந்தாலும் குடுங்கன்னு கைநீட்டற ஆள் நான் இல்லடான்னு அனுப்பிட்டேன்" என்று சொன்னபோது அவர் கண்ணே கலங்கிவிட்டது.

இது நடந்து சில மாதம் கழித்து, ஒரு காலையில் டீச்சர் வீட்டு வாசலில் அவர் வண்டியை நிறுத்தினார். கதவு பூட்டியிருந்தது. டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்தார், ஆனால் பூட்டைத் திறக்கவில்லை.

"இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு வந்தீங்க பெரியவரே?"

"என்ன டீச்சரம்மா இப்படிக் கேக்கறீங்க?"

"நேத்து உங்க வண்டி வந்தது. உங்க குரலுதானேன்னு கதவைத் திறந்தே விட்டிருந்தேன். கொல்லையில தண்ணி மோட்டாரைப் பிரிச்சு உள்ள இருந்த காப்பர் கம்பியை உருவிட்டுப் போயிட்டாங்க."

"என் வண்டி நேத்து இந்தப் பக்கமே வரலைம்மா."

"குரல் வந்ததே. எனக்கு என்ன காது கேக்காதா?"

டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் பின்தெருவிலிருந்து அவருடைய குரல் வந்தது. "அம்மா, பழைய இரும்பு, பித்தளை, காப்பர் கம்பி. என்ன இருந்தாலும் குடுங்க. எடையை நீங்களே பாத்துக்கலாம்மா." டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கு உடம்பு கூசியது. எப்போதோ தூக்கத்தில் உளறிவிட்டோமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்தெருவுக்கு ஓடினார். முன்பின் பார்த்திராத நீல வண்டி. ஓட்டி வந்தவன் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தராசின் எண் அவன் பக்கம் திரும்பியிருந்தது.

"இந்தக் குரல் உனக்கு ஏதுய்யா?"

"போன் கடையில காசு குடுத்து வாங்கினது. நம்ம ஆளுங்க எல்லாருமே அங்கதான் வாங்கறோம். கம்ப்யூட்டர் குரலு."

"அது நான்தான்யா." அதே வரியை அவர் அங்கேயே கூவிக் காட்டினார்.

அவன் ரசித்துக் கேட்டான். "பரவால்ல பெரியவரே, அச்சு அசலா பண்றீங்க. ஆனா நம்ம பொட்டியில கேக்கறப்ப இருக்கற கம்பீரம் வரலை."

அங்கிருந்து நேரே மாப்பிள்ளை கடைக்குப் போனார். கடை நிறையக் கூட்டம். ஓடாத கடை எப்படி ஓட ஆரம்பித்தது என்று இத்தனை நாள் கேட்காமல் போனது அப்போதுதான் உறைத்தது.

"வாங்க மாமா, உக்காருங்க."

வழி நெடுக அவர் நாக்கு நுனியில் 'டா'தான் நின்றிருந்தது. ஆனால் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்ததும் பழகிய வாய் வளைந்துகொடுத்தது. "மாப்பிள்ளே, நீங்க என் குரலை வித்தீங்களா?"

மாப்பிள்ளை கொஞ்சமும் கலங்கவில்லை. "ஊர் ஊரா உங்க குரல்தான் மாமா ஓடுது. நீங்க பெருமைப்படணும்."

"காப்பர் கம்பின்னு நான் கூவினதே இல்லீங்களே."

"கூவ வேண்டியதில்ல மாமா. எந்தச் சொல் வேணும்னாலும் இப்ப கம்ப்யூட்டரே உங்க குரல்ல பேசும். ஆனா உங்க விஷயத்துல அந்த வேலையும் மிச்சம். காப்பர் கம்பி, என்ன இருந்தாலும் குடுங்க, எல்லாமே நீங்க உங்க வாயால சொன்னது. முன்னபின்ன வெட்டி ஒட்டினேன், அவ்வளவுதான்." ஏதோ ஒன்றைத் தட்டினார். பெட்டியிலிருந்து வெண்கலம் பேசினார்: காப்பர் கம்பின்னு ஒருத்தன் மூட்டையோட வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, சலவைச் சட்டை, மகள் கையில் பிடித்திருந்த போன். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன.

"ஒரு வீட்டு மோட்டாரை அறுத்திருக்காங்க. அந்தம்மா என்னைத் திருடன்னு நினைக்கறாங்க மாப்பிள்ளே."

"வாங்கிட்டுப் போறவன் என்ன பண்றான்னு நான் பின்னாலயே போயிப் பாக்க முடியுமா மாமா?"

உள் அறையிலிருந்து மகள் டீயோடு வந்தாள். மேசையில் வைத்தாள். "ஆறிடும்பா, குடிங்க."

"உனக்கும் தெரியுமாம்மா?"

அவள் டம்ளரை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தினாள். "கேட்டா குடுக்கமாட்டீங்கன்னு தெரியும்பா. அதான் கேக்கல. கடையை மூடற நிலைமையில இருந்தோம்."

"காசு கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"எத்தனை தடவைப்பா கேக்கறது? ஒவ்வொரு தடவையும் கூடை சுமந்த கதையும் சேர்த்துல்ல கேக்கணும்."

கடையில் நின்றவர்கள் போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெண்கலம் மகளையே பார்த்தார். "கதை சொன்னேனே, அதுல நான் எதைத் தொடமாட்டேன்னு சொன்னேன்? அதுவாவது காதுல விழுந்துச்சா?"

அவள் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். டீயைத் தொடாமல் அவர் எழுந்து வந்துவிட்டார்.

ஆறு வண்டியிலும் ஒலிபெருக்கியைக் கழற்றச் சொன்னார். ஆட்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் கழற்றினார்கள். இப்போது அவருடைய வண்டிகளில் ஒரு பழைய சக்கர வளையம் தொங்குகிறது. இரும்புத் துண்டால் அதைத் தட்டிக்கொண்டே போகிறார்கள். வியாபாரம் பாதியாகிவிட்டது. டீச்சருக்குப் புது மோட்டார் வாங்கி அனுப்பினார், திரும்பி வந்துவிட்டது. அந்தத் தெருவில் இன்றும் வளையத்தைத் தட்டிவிட்டு வாசலில் நிற்கிறார். மாடியில் டீச்சர் தலை தெரியும். நடந்ததைச் சொல்ல வாய் வரைக்கும் வரும். ஆனால் வாயைத் திறந்தால் வருவது அந்தக் குரல்தானே. தட்டிய கையோடு நகர்ந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீட்டிலிருந்து போன் வரும். எடுத்தால் பேத்தி.

"தாத்தா, கூடை கதை சொல்லு."

அவர் போனைக் காதில் வைத்தபடி நிற்பார். அந்தப் பக்கம் குழந்தையின் மூச்சும், பின்னால் பாத்திரம் உருளும் சத்தமும் கேட்கும்.

"தாத்தா? அப்புறம்?"

குழந்தைக்கு என்ன தெரியும். தெரியாதுதான். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் அன்றைக்கு மகள் பிடித்திருந்த போன்தான் அவருக்கு நினைவுக்கு வரும். போனை மனைவியிடம் நீட்டுவார்.

"நீ பேசு" என்பார்.

இத்தனை வருஷமாகக் கொட்டாவிக்குக் காத்திருந்தவள், போனை வாங்கிக்கொண்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் அவர் முகத்தையே பார்ப்பாள்.