வெல்லம் என் பங்கு

பங்குனி, சித்திரையில் ஊருக்கு ஊர் கோவில் கொடை. கடலை மிட்டாய்க்கும் அப்போதுதான் கிராக்கி. கோவில்பட்டியில் மிட்டாய்க் கம்பெனி நடத்துகிற நான், ஊரார் சாமிக்கெல்லாம் சரக்கு அனுப்பிவிட்டு என் சாமியை மறந்துவிடுவது ரொம்பச் சுலபம். ஆனாலும் புதூர்ப் பக்கம் எங்கள் ஊர் அம்மன் பொங்கலுக்கு நான் போகாமல் இருந்ததில்லை. இதைச் சொல்லும்போது கொஞ்சம் தலைக்கனம் வரும். வரட்டும்.

எங்கள் வீட்டில் மாவிளக்குக்கு ஒரு வழக்கம் உண்டு. மூத்த மருமகள் வெல்லம் கொண்டுபோக வேண்டும். இளையவள் பச்சரிசி ஊறவைத்து மாவு இடிக்க வேண்டும். கோவிலில் இரண்டு பேரும் உட்கார்ந்து சேர்த்துப் பிசைந்தால்தான் விளக்கு. முகம் கொடுத்துப் பேசாத வருஷத்தில்கூட நானும் என் ஓரகத்தியும் ஒரே தாம்பாளத்தில் கைவைத்துப் பிசைந்திருக்கிறோம்.

போன வருஷம் கொழுந்தன் இறந்துபோனார். தீட்டு என்று எங்கள் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை; நான் போகாத வருஷம் அது ஒன்றுதான். இந்த வருஷம் திவசம் முடிந்தும் ஓரகத்தி வாசலைத் தாண்டவில்லை என்று கேள்விப்பட்டுப் போன் போட்டேன். தாலி அறுத்தவள் மாவிளக்கு எடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்கினாள்.

"நீங்க வந்தா இடிக்கேன்க்கா. இல்லன்னா வேண்டாம்."

பொங்கல் விழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமைக்கென்றே மதுரைக் கடைக்காரர் ஒரு வேன் சரக்கு கேட்டார். வெகுநாளாக எங்களிடம் வாங்குகிறவர். பாகு அடுப்பில் ஏறினால் பதம் பார்க்க நான் பக்கத்தில் நிற்க வேண்டும், வேறு யாரையும் நம்பி விட்டதில்லை. வெல்லத்தை மட்டும் பஸ்ஸில் கொடுத்துவிடு, அம்மன் ஒன்றும் கோபிக்காது என்றார் என் வீட்டுக்காரர். அம்மன் கோபிக்காதுதான். ஆனால் வெல்லம் பஸ்ஸேறிப் போய் ஓரகத்தி கையைப் பிடித்து எழுப்புமா என்று கேட்டேன்.

புதன்கிழமை தருகிறேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன். வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பாருங்கள் அண்ணாச்சி என்று சொல்லிக் கம்பெனியைப் பூட்டினேன். அந்தக் கடை போனது போனதுதான். எங்கள் மிட்டாய் இல்லாமல் அவருக்குத்தான் நஷ்டம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெயில் தாழ ஊர் போய்ச் சேர்ந்தேன். ஓரகத்தி அரிசியை ஊறப்போட்டுவிட்டு, இடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, எந்திரி. உலக்கைய எடு" என்றேன்.

இடித்தாள். தாம்பாளத்தை அவள் கையில் கொடுத்து, தெரு நடுவாகக் கூட்டிப்போனேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றுதான் வந்தேன். என் வாய் ஊருக்குத் தெரியும், ஒருத்தரும் பேசவில்லை.

கோவிலில் இரண்டு பேருமாக மாவையும் வெல்லத்தையும் பிசைந்து, குழித்து, நெய் விட்டுத் திரியை அவளையே ஏற்றச் சொன்னேன். ஏற்றிவிட்டாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவள் விளக்கைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்:

"எழவுக்கு எல்லாரும் வந்தாங்கக்கா. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக நீங்கதான் வந்தீங்க."