வீட்டுக்குள் விரித்த குடை

என் தங்கை வீட்டுக்குள் இன்றுவரை நான் அடி வாங்காமல் நுழைந்ததில்லை. வாசல் வேப்பமரத்தடியில் அவள் புருஷன் காசிநாதன் வழிமறித்து நிற்பான். தோளில் கிடக்கும் துண்டை உருவுவான். "திரும்புங்க மச்சான்" என்பான். முதுகு, தோள், வேட்டியின் பின்பக்கம் என்று வரிசையாகச் சாத்திவிட்டு, "இப்ப முன்னாடி" என்பான். கல்யாணமான வருஷம் தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டு போனேன். ஒரு கையில் பானை, ஒரு கையில் கரும்புக் கட்டு. அதை இறக்கி வைக்கக்கூட விடவில்லை. தெருவே கூடிப் பார்க்க, சீரோடு நிற்க வைத்து அடித்தான். பெண் கொடுத்த அண்ணனை இப்படி வரவேற்ற மாப்பிள்ளை இந்த ஜில்லாவில் வேறு எவனாவது இருந்தால் சொல்லுங்கள். அந்தச் சூடு எனக்கு இன்னும் ஆறவில்லை. கேட்டால் பதில் தயாராக வைத்திருப்பான்.

"மச்சானை எங்க அடிச்சேன்? மச்சான் மேல இருக்கிற சிமிட்டியை இல்ல அடிச்சேன்!"

அவன் சொல்வது பொய்யில்லை. நான் ஓட்டுவது சிமெண்ட் லாரி. அவன் செய்வது அந்த லாரிக்கு மூட்டை ஏற்றும் வேலை. அரியலூரிலிருந்து செந்துறை போகும் ரோட்டில், லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்குப் பின்னால் அவன் வீடு. நாட்டு ஓடு போட்டது. ரோட்டில் வண்டி குலுங்கினால் மூட்டையிலிருந்து கொஞ்சம் கசியும். கசிந்தது காற்றில் ஏறி, ஓட்டு இடுக்கு வழியாக வீட்டுக்குள் இறங்கும். மற்ற வீட்டுக்காரர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். காசிநாதன் பழக மறுக்கிறான். பகலெல்லாம் சிமெண்ட்டைச் சுமக்கிறவன், பொழுது சாய்ந்ததும் சிமெண்ட்டை வேட்டையாடக் கிளம்பிவிடுவான்.

வேலை முடிந்து வரும்போது அவன் கண் இமைகூடச் சாம்பல் நிறத்தில் இருக்கும். நேராகக் கொல்லைக்குப் போவான். சட்டையையும் கைலியையும் முருங்கை மரத்துக் கொம்பில் மாட்டிக் குச்சியால் தட்டுவான். வேலைத் துணி அந்த மரத்தைத் தாண்டி வீட்டுப் பக்கம் வந்ததே கிடையாது. பிறகு தலையைக் குனிந்து காய்ந்த துண்டால் உதறு உதறென்று உதறுவான். அதற்கப்புறம் உடம்பு முழுக்கத் தேங்காய் எண்ணெய். அது ஊறி முடிந்த பின்தான் தண்ணீர்ப் பக்கமே போவான். "மொதல்லயே தண்ணி ஊத்தினா, இது தலை இல்லைங்க மச்சான், அம்மிக்கல்லு" என்பான்.

அவன் வீட்டில் எல்லாவற்றுக்கும் இதுதான் முறை. காய்ந்ததைக் காய்ந்ததால் எடு. தண்ணீர் கடைசியில். நாங்கள் திருமழபாடிக்காரர்கள், கொள்ளிடத்துக் கரையில் பிறந்தவர்கள். எங்களுக்குச் சுத்தம் என்றாலே தண்ணீர்தான். குடம் குடமாக ஊற்றி, தேய்த்து, தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் என் தங்கை சிந்தாமணி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வர, இவன் பாம்பைப் பார்த்தவன் மாதிரி கத்தினானாம். "அந்த வாளியைக் கீழ வை புள்ள!" அவள் பயந்து போய் வைத்துவிட்டாள். அன்றைக்கே துடைப்பத்தை அவன் கையில் கொடுத்துவிட்டாள். "உங்க சிமிட்டி, நீங்களே கூட்டிக்கங்க" என்றாளாம். கெட்டிக்காரி.

துடைப்பம் வாங்க அவனோடு போவது பெரிய இம்சை. அரியலூர்க் கடைத்தெருவில் ஆண்டவர் கடை. பூந்துடைப்பம் ஒவ்வொன்றாக உருவுவான், உதறுவான், தொடையில் அடிப்பான், முகர்ந்துகூடப் பார்ப்பான். கடைக்காரர் ஆண்டவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டே விட்டார். "ஏய்யா, நீ தொடப்பம் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"பொண்ணுன்னா இந்நேரம் தட்டு மாத்தியிருப்பேனுங்க. இது தானே தூசி கொட்டுது. திருடனைப் புடிக்கப் போற போலீசே திருடக் கூடாது பாருங்க."

வாங்கிய புதுத் துடைப்பத்தை நேராக வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டான். வேப்பமரத்தில் அடித்து அடித்து, பூ உதிர்வது நின்ற பிறகுதான் அதற்கு வீட்டுக்குள் அனுமதி. தென்னந்துடைப்பம் வாசலோடு சரி. உள்ளே கொண்டுவந்தால் தூசியை எடுக்காது, எகிறடிக்கும். ரேடியோவுக்குப் பெயிண்டர் பிரஷ். அலமாரிக்குப் பழைய பனியன் துணி. அதில் தேங்காய் எண்ணெய் தொட்டது தெரியாமல் தொட்டிருக்க வேண்டும். எண்ணெய் கூடினால் துணி பிசுபிசுத்து, அடுத்த தூசியை விருந்துக்குக் கூப்பிடுமாம். தரைக்கு, தச்சுப் பட்டறையிலிருந்து வாங்கிவந்த மரத்தூளை லேசாக ஈரம் காட்டிப் பிழிந்து தூவுவான். தூசி அதில் ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வாசலுக்கு வந்துவிடும். பெருக்கும்போது மேசை ஃபேன் ஓடக் கூடாது. யாராவது போட்டுவிட்டால், "ஊர்வலம் விடுறீங்களா?" என்று வந்து நிறுத்துவான்.

டீக்கடையில் இவனை விட்டால் வேறு பேச்சு கிடையாது. "காசி, அப்படியே மெயின் ரோட்டையும் ஒரு கூட்டு கூட்டிடேன்" என்று செல்லமுத்து வம்புக்கு இழுப்பான். இவனோடு மூட்டை தூக்குகிறவன்தான்.

"ரோட்டுக்கா நான் தாலி கட்டினேன்?" என்று டீயை ஆற்றிக்கொண்டே கேட்பான் காசிநாதன்.

அதில்தான் விஷயமே இருக்கிறது. சிந்தாமணிக்கு மூச்சிழுப்பு உண்டு. சின்ன வயதில் லேசாக இருந்தது. இங்கே வந்த பிறகு தூசி கூடினால் இழுப்பும் கூடுகிறது. டாக்டர் அவளைத் தூசியில்லாத இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னார். திருமழபாடிக்கு வந்துவிடுங்கள், வண்டியில் ஏறினால் வேலை இருக்கிறது என்று நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். "எனக்குத் தெரிஞ்சது மூட்டைதாங்க மச்சான்" என்றான். அவளை மட்டும் அனுப்பு என்றேன். அவன் எழுந்து போய்ப் பனியன் துணியை எடுத்து ஜன்னல் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தான். அதுதான் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் குடை வந்ததும் அப்போதுதான். இந்தத் தூசி வெள்ளைச் சுவரிலோ சிமெண்ட்டுத் தரையிலோ கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரு கறுப்புக் குடையை விரித்து, கூடத்து உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டான். ராத்திரி ஓட்டு வழியாக எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காலையில் அந்தக் குடையைப் பார்த்தால் தெரிந்துவிடும். விரலால் ஒரு கோடு இழுப்பான். கோடு பளிச்சென்று விழுந்தால் அன்றைக்கு வீடு முழுக்க மறுபடியும் வேலை. எதிர்வீட்டு ரெங்கம்மாள், "வூட்டுக்குள்ள கொடை விரிச்சா வெளங்குமாடா?" என்று திட்டிப் பார்த்தாள். "எங்க வூட்டுல உள்ளயும் மழைங்க ஆத்தா, ஆனா நனையாது" என்றான். அந்தக் கிழவிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

போன தைப் பொங்கலுக்குத்தான் எல்லாம் கெட்டது. போகிக்கு வீடு சுத்தம் செய்து கொடுக்கிறேன் என்று என் பெண்டாட்டி கலியம்மாள் அவர்கள் வீட்டுக்குப் போனாள். காசிநாதன் வேலைக்குப் போயிருந்தான். சிந்தாமணி கடைக்குப் போயிருந்தாள். கலியம்மாள் ஏணி போட்டு ஏறிப் பரணைப் பார்த்திருக்கிறாள். சுவர் உச்சியில், ஓட்டுக்கு அடியில், அவன் கைக்கு எட்டாத மூலையில் எல்லாம் சிமெண்ட் படிந்து கிடந்திருக்கிறது. "ஊரே மெச்சுற சுத்தக்காரன் வூட்டு லட்சணத்தைப் பாரு" என்று, கொள்ளிடத்துக்காரி கொள்ளிடத்துக்காரியாகவே வாளி வாளியாக மேலே வீசியிருக்கிறாள். மேலே கிடந்தது கூழாகிச் சுவர் வழியாக ஒழுகி, பரண், ஜன்னல், தரை எல்லாம் ஓடியிருக்கிறது. இவள் அதையும் தேய்த்து விட்டிருக்கிறாள். சாயங்காலம் அவன் வந்தபோது எல்லாம் இறுகிவிட்டது.

சுவரை விரலால் தட்டிப் பார்த்தானாம். பிறகு, "அக்கா, கொத்தனார் கூலி எவ்வளவுங்க? வூட்டையே பூசிக் குடுத்திட்டீங்களே" என்று மட்டும் கேட்டானாம். கலியம்மாள் இதைச் சொல்லிச் சொல்லி இன்னும் அழுகிறாள். நடுவில் சிரிக்கவும் செய்கிறாள்.

பூசியதைச் சுரண்டாமல் விட முடியாது. சுரண்டினால் பொடி பறக்கும். ஈரத்துணி போட்டுத்தான் சுரண்டினான், இருந்தும் பறந்தது. மாட்டுப்பொங்கலன்று சிந்தாமணிக்கு இழுப்பு வந்து, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாகிவிட்டது. நான் போய் அவளை அங்கிருந்தே திருமழபாடிக்குக் கூட்டி வந்துவிட்டேன். "இனிமே அனுப்ப மாட்டேன் மாப்ள. நீ வேணா வந்து பாத்துக்க" என்றேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் மனதில் இருந்ததும் அதுதான். அவன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று தலையாட்டினான். அன்றைக்கு என் முதுகில் துண்டு விழவில்லை. அது எனக்கு என்னவோ போல இருந்தது.

அந்தத் தையும் மாசியும் அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். இழுப்பே இல்லை. சோறும் இறங்கவில்லை. பங்குனி பிறந்ததும் காசிநாதன் பூத்திலிருந்து போன் போட்டான். "வூடு தயாருங்க மச்சான்."

சிந்தாமணியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "அவரு அப்படித்தான் சொல்லுவாரு. நீ போயி ஒரு பொழுது படுத்து எந்திரிச்சுட்டு வாண்ணே. நீ சொன்னா வர்றேன். நீ வேணாம்னா இங்கயே இருந்துக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டுவாள் என்று நான் நினைக்கவில்லை.

போனேன். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றேதான் போனேன். அடி வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். ஓட்டுக்கு அடியில், அறை முழுக்க வேட்டித் துணிகளைச் சேர்த்துத் தைத்து இழுத்துக் கட்டியிருந்தான். முதலில் நைலக்ஸ் புடவை கட்டினானாம். தூசி அதில் தங்காமல் வழுக்கி விழுந்ததாம். பருத்திதான் பிடித்து வைக்கிறதாம். வாரம் ஒருமுறை நாலு மூலையையும் உள்பக்கமாக மடித்து, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி வெளியே தூக்கிப் போவதாகச் சொன்னான். சுவரிலிருந்த பூச்சையெல்லாம் புளித்தண்ணீரும் தேங்காய் நாரும் வைத்தே எடுத்திருக்கிறான். கை விரலெல்லாம் தோல் உரிந்து கிடந்தது.

நான் சாமி படத்துக்குப் பின்னால் தடவினேன். சுவிட்ச் போர்டு மேலே தடவினேன். டியூப்லைட் மேலே ஸ்டூல் போட்டு ஏறித் தடவினேன். ஒன்றும் இல்லை. கடைசியில் கதவு நிலைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூச்சு கையில் தட்டியது. விட்டேனா பார் என்று, "இது என்ன மாப்ள?" என்றேன்.

"அது அக்கா பூசினதுங்க. ஞாபகத்துக்கு ஒண்ணு விட்டு வச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. தரையில் துண்டை விரித்துப் படுத்தேன். ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. தூங்கிப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால், உத்திரத்துக் குடையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என் பக்கம் நீட்டினான். விரலால் கோடு இழுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஏதோ இருந்தது, இல்லாமல் போகவில்லை. ஆனால் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. திருமழபாடியில் என் வீட்டுக் கூடத்தில் குடை விரித்தால் இதைவிட அதிகம் விழும்.

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மூட்டையைத் தூக்கும்போது இப்படி மூச்சைப் பிடித்து நிற்பான், பார்த்திருக்கிறேன்.

"வெள்ளிக்கிழமை வண்டி இந்தப் பக்கம் வருது. கூட்டியாறேன்" என்றேன். "ஆனா, மறுபடி இழுப்பு வந்துச்சு, நான் கேக்க மாட்டேன். தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

"சரிங்க மச்சான்" என்றான். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். என்னை அடிக்கிற துண்டுதான்.

நான் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். அவன் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து கிளீனர் சீட்டில் ஏறினான். மடியில் கட்டி வைத்திருந்த பனியன் துணியை எடுத்தான். சீட்டைத் துடைத்தான், சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் விரலை விட்டுத் துடைத்தான், கால் வைக்கிற தகட்டைத் துடைத்தான். கண்ணாடி ஏற்றுகிற பிடியைத் திருப்பினான். அது ஒடிந்து போய் ரொம்ப நாளாகிறது. "அது ஏறாதுய்யா, விடு" என்றேன். கேட்டால்தானே. இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளி, உச்சியில் சேர்த்தான். அது இறங்காதபடி ஒரு சிகரெட் அட்டையை மடித்து இடுக்கில் செருகினான். உள்பக்கம் துடைத்தான். கீழே குதித்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, வெளிப்பக்கமும் துடைத்தான். பிறகு என் பக்கம் சுற்றி வந்து, படியில் ஒரு காலை வைத்து ஏறி நின்றான்.

"அவ வந்து எறங்குற வரைக்கும் அந்தக் கண்ணாடியை மட்டும் எறக்காதீங்க மச்சான்" என்றான்.